எரியோடு ரோட்டில் ஐம்பது விநாடி சினிமா

திண்டுக்கல்லில் நாங்கள் சாப்பிட்ட முதல் சாப்பாடு பிரியாணி. அதுவும் இட்லி தின்ன வேண்டிய நேரத்தில். கூட வந்த மத்தில்த் கேட்டாள்: "இங்கே ஏன் காலையிலேயே பிரியாணிக்கு இவ்வளவு கூட்டம்?" எனக்கு எப்படித் தெரியும்? நான் புதுச்சேரிக்காரி. கல்யாணமாகி லியோனுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். திண்டுக்கல்லுக்கு இதுதான் முதல் தடவை. "பசிக்கும், அதனால்தான்" என்றேன். அவள் நம்பவில்லை. பிரெஞ்சுக்காரிக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். காரணம் கிடைத்தால் அதை மறுத்துப் பேசவும் வேண்டும்.

பேச்சு பேச்சாக இருக்க, சீரக சம்பா குட்டி குட்டியாக உதிர்ந்து விழ, மத்தில்த் இரண்டாவது தட்டுக்குக் கைகாட்டிவிட்டாள். லியோனில் சாப்பாட்டுக்குப் பேர்போன கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கெல்லாம் ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். இங்கே பரிமாறுகிறவர் நம் பின்னால் நிற்கிற அடுத்த ஆளைப் பார்த்தபடியே குழம்பு ஊற்றுகிறார். ருசியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். லியோனில் ஒரு கல்லூரியில் சினிமா வரலாறும் கலைத் தத்துவமும் சொல்லிக்கொடுக்கிறேன். மத்தில்த் என் பழைய மாணவி, இப்போது காமிராக்காரி. உலகத்தின் ஆகப் பழைய சினிமாக்களில் ஒன்று எங்கள் லியோனில்தான் எடுக்கப்பட்டது. ஒரு தொழிற்சாலை. வேலை முடிகிறது, கதவு திறக்கிறது, ஆட்கள் வெளியே வருகிறார்கள். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஓடாது. கதாநாயகன் கிடையாது, சண்டை கிடையாது. எங்கள் கல்லூரியில் ஒரு யோசனை செய்தார்கள். பல தேசத்து ஊர்களில் இதே மாதிரி, அசையாத காமிராவில், வேலை முடிந்து வெளியே வருகிறவர்களை எடுத்து வரவேண்டும். அந்தப் பழைய தொழிற்சாலை இருந்த தெருச் சுவரிலேயே ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் திரையிட வேண்டும். ஆளாளுக்கு ஒரு ஊரைச் சொன்னார்கள். நான் திண்டுக்கல் என்றேன். எங்கள் புதுச்சேரியில் மில் கேட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் நூல் மில்கள் இன்னும் ஓடுகின்றன. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

காமிராவும் அந்தக் காலத்து மாதிரியே செய்த மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி, ஆட்டுரலைச் சுற்றுகிற மாதிரி சுற்ற வேண்டும். ஒரு சுருள் போட்டால் ஐம்பது விநாடி, அவ்வளவுதான். இரண்டு சுருள் கொண்டு வந்திருந்தோம், ஒவ்வொன்றும் ஒரு வட்டத் தகர டப்பாவில்.

உள்ளூரில் எங்களுக்குத் துணை ஸ்டீபன். கல்யாண வீடியோ எடுப்பவர். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டு மெகாபிக்சல் மேடம்?" என்றார். ஒன்றுகூட இல்லை என்றேன். "அப்ப மெமரி கார்டு எங்க சொருகுறது?" என்றார். மத்தில்த் என்னவென்று கேட்க, நான் மொழிபெயர்க்க, அவள் பிரியாணித் தட்டின் மேல் குனிந்து சிரித்தாள்.

என்னுடைய விதிகளை அங்கேயே சொல்லிவிட்டேன். யாரையும் நிற்க வைக்கக் கூடாது, நடக்க வைக்கக் கூடாது, சிரிக்கச் சொல்லக் கூடாது. எதையும் ஏற்பாடு செய்யக் கூடாது.

ஸ்டீபனுக்கு அது புரியவே இல்லை. "ஏற்பாடு செய்யாம ஒரு சீமந்தம் கூட எடுக்க முடியாது மேடம்."

நான் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். என்ன செய்வது, வாயைத் திறந்தால் அதுதான் வருகிறது. ஓவியம் என்றால் ஓவியனின் கை வேண்டும். காமிராவில் வெளிச்சம் தானாக வந்து விழுந்து, தானாகவே பதிந்துகொள்கிறது. நடுவில் மனிதன் கை இல்லாததால்தான் நாம் அதை நம்புகிறோம். பாரிஸில் ஒரு தலைமுறையே இதைச் சொல்லி மேசையைக் குத்தியது. புதிய அலை என்று பேர் வாங்கிய சினிமாப் பையன்கள் ஸ்டூடியோவை விட்டுக் காமிராவைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். எதிர்க்கட்சியும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அந்த முதல் படங்களைப் பார்த்த ஒரு மந்திரவித்தைக்காரர், தலையைக் கழற்றி மேசைமேல் வைப்பது, ஆளைப் புகையாக மறைப்பது என்று கிளம்பிவிட்டார். இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை என்றேன்.

"நான் மந்திரக்காரர் கட்சி மேடம்" என்றார் ஸ்டீபன். "போன மாசம் மாப்ளையையும் பொண்ணையும் ஒரே தாமரப் பூவுக்குள்ள உக்கார வச்சேன். இன்னொரு எடத்துல தாலி கட்டுறப்ப மாமியா கை மறைச்சிருச்சு. மாப்ள, செத்த நேரம் அப்படியே கைய வைங்கன்னு திரும்ப எடுத்தேன்."

"அப்போது எதுதான் நிஜம்?" என்றேன், கொஞ்சம் சூடாகவே.

"ரெண்டும் நிஜந்தான். கல்யாணம் முத தடவையில ஆச்சு. வீடியோ ரெண்டாந் தடவையில ஆச்சு."

மத்தில்த்துக்கு இதை மொழிபெயர்த்தபோது, "இவரை நம் கல்லூரிக்குக் கூட்டிப்போகலாம்" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

மத்தியானம் எரியோடு ரோட்டில் இருக்கிற மில்லுக்குப் போனோம். மானேஜர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த மனுஷர். "கேட்டுக்கு வெளிய ரோட்டுல நின்னு என்ன வேணாலும் எடுத்துக்கங்க. நாளன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஷிப்டு மட்டுந்தான். மறுநாளு ஓனரு வாராரு. அப்ப வந்தீங்கன்னா, நான் உங்களப் பாத்ததே இல்ல" என்றார். சரி, ஒரு சாயங்காலம் போதும், கையில் இரண்டு சுருள் இருக்கிறது என்று தைரியமாகத் தலையாட்டினேன்.

ஷிப்ட் விட்டு வந்த பெண்கள் எதிர் டீக்கடையில் நின்றார்கள். தலைமுடியில் பஞ்சு, தோளில் பை, அதில் காலி டிபன் பாக்ஸ். மில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அது எரியோடு, அகரம் பக்கத்து ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி. டிரைவர் யாருக்காகவும் நிற்க மாட்டாராம். அதனால் டீயை எல்லோரும் நின்றபடி, ஒரு கண்ணைப் பஸ்ஸின் மேல் வைத்தே குடித்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்டீபனைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "ஏலே ஸ்டீபா, எந்தக் கல்யாணத்துக்குடா இந்தப் பொட்டி?"

ஜெசிந்தா. ஸ்டீபனுக்குச் சின்னம்மா முறை. ஐம்பது வயதுக்காரர், மில்லில் நூலைக் கூம்பு வடிவக் கோனில் சுற்றுகிற வேலை.

"கல்யாணம் இல்ல சின்னம்மா, சினிமா. பிரான்ஸுக்கு. நாளன்னிக்கு இங்கதான் எடுக்குறோம்."

"எம் மக கல்யாணத்துலயே என்னையப் புடிக்கத் தெரியல. இவரு பிரான்ஸுக்குப் புடிக்கிறாராம்!"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கதை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகள் கல்யாணத்தை எடுத்தது ஸ்டீபன்தான். முழு வீடியோவில் ஜெசிந்தா ஓர் இடத்தில்கூட இல்லை.

"மேடைக்கு வாங்க, மேடைக்கு வாங்கன்னு தொண்ட கிழியக் கத்துனேன். வந்தாங்களா கேளுங்க மேடம்" என்றார் ஸ்டீபன்.

"பந்தியில தயிரு பத்தலன்னு ஓடுனேன். சீர்த்தட்டக் காணோம்னு ஓடுனேன். குரூப் போட்டாவுக்கு நிக்கிறப்ப யாரோ சின்னப்புள்ள வாந்தி எடுத்துருச்சு. நான் போகாம யாரு போறது?" ஜெசிந்தா என்னிடம் திரும்பினார். "மாப்ள வீட்டுச் சொந்தத்துல ஒரு பொம்பள அந்த வீடியோவப் பாத்துட்டு எம் மகட்டக் கேட்டுச்சாம் மேடம். ஏம்மா, உனக்கு அம்மா இல்லையான்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவர் டீயைக் குடிக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளன்னிக்கு நான் இதுல விழுவனா மேடம்?"

நான் விதியைச் சொன்னேன். யார் யார் பெட்டிக்கு முன்னால் வருகிறார்களோ அவர்கள் விழுவார்கள், யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்க முடியாது என்றேன். ஸ்டீபன் என் காதில், "முன்னாடி நிறுத்திருவோம் மேடம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். கூடாது என்றேன். மத்தில்த்தும், "ஒரே ஒரு ஆளைத்தானே?" என்றாள். அவளையும் முறைத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. ஜெசிந்தா ஓடிப்போய் ஏறி, ஜன்னல் வழியாகக் கையாட்டினார். நான் சரியாகத்தான் நடந்துகொண்டேன். ஆனாலும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சாயங்காலம் பரோட்டாக் கடையில், "வெஞ்சனம் என்ன வைக்க?" என்று கேட்டார்கள். தொட்டுக்கொள்ள என்ன வேண்டும் என்பதை இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். கோழிக் குழம்பு என்றேன். மத்தில்த் பரோட்டாவைப் பிரித்துப் பிரித்து, எங்கள் ஊர் வெண்ணெய் ரொட்டிக்கு இது பெரியப்பா என்று தீர்ப்புச் சொன்னாள். என் கோபம் பாதி அங்கே கரைந்தது.

மறுநாள் வேலை இல்லை. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைப் பார்க்கலாம் என்று மத்தில்த் ஆசைப்பட்டாள். ஸ்டீபனின் கார் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அவரை அதோடு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் கிளம்பினோம். லாட்ஜ் அறையில் கரண்ட் போய்ப் போய் வந்தது. சூடு பட்டால் சுருள் கெட்டுவிடும் என்று மத்தில்த் பயந்தாள். அதனால் இரண்டு டப்பாவையும் ஈரத்துண்டில் சுற்றி, பக்கத்துக் கடைக்காரர் கொடுத்த மஞ்சள் துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டு வந்தோம். பழனி போகிற பஸ் அது. மஞ்சள் பையில் இரண்டு வட்ட டப்பா. இதை இப்போது எழுதும்போதே எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மத்தில்த்துக்கு மட்டும் ஸீட் கிடைத்தது, பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், கேட்காமல் கொள்ளாமல், இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நின்றாள். மத்தில்த் திகைத்துப்போனாள். "இந்தப் பெண்ணுக்கு என்னைத் தெரியுமா?" என்றாள். தெரியாது, உனக்கு உட்கார இடம் இருக்கிறது, அதுதான் தகுதி என்றேன். லியோன் மெட்ரோவில் யாராவது இப்படிச் செய்தால் போலீஸ் வரும். குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தது. மத்தில்த் அதற்கு பிரெஞ்சில் தாலாட்டுப் பாடினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

ஒட்டன்சத்திரத்தில் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் பெரிய போராட்டம். அது அவள் முடியை விடவில்லை. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக இறங்கி, முருங்கைக்காய்க் கட்டுகளையும் தக்காளிப் பெட்டிகளையும் பார்த்தபடி சந்தைக்குள் நடந்தோம். பிறகுதான் மத்தில்த் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். இரண்டும் காலியாக இருந்தன.

மஞ்சள் பை பஸ்ஸோடு பழனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பழனிக்கு ஓடினோம். பஸ் நிலையத்தில் காவடிக்காரர்கள், மொட்டை போட்ட குடும்பங்கள், லாட்ஜுக்கு ஆள் பிடிக்கிறவர்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரக் காப்பாளர் அறைக்குள் நுழைந்தேன். மேசைமேல் எங்கள் மஞ்சள் பை. அதன் பக்கத்தில் திறந்த டப்பா. மேசையிலிருந்து தரைவரை கருப்பு ரிப்பன் மாதிரி எங்கள் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இது உங்களுதுங்களா?" என்றார் நேரக் காப்பாளர், பாவமாக. "பஞ்சாமிர்தம்னு நெனச்சனுங்க. யாரோ வாங்கிட்டு மறந்துட்டாங்கன்னு கண்டக்டர் கொண்டாந்து குடுத்தாப்பல. ஆட்டிப் பாத்தா கொளகொளன்னு சத்தமே வரலீங்க. கெட்டுப் போயிருச்சோன்னு தொறந்தேன். கருப்பா வந்துதுங்க. இழுக்க இழுக்க வந்துதுங்க."

"அதன் மேல் எழுதியிருந்ததே!" என்று கத்தினேன்.

அவர் டப்பாவை எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திறக்காதே என்று பெரிய எழுத்தில், சுத்தமான பிரெஞ்சில் எழுதியிருந்தது. எழுதியது நான்தான். என் குரல் அப்படியே இறங்கிப்போனது.

"இன்னொன்று எங்கே?" என்றேன்.

"அதையும் தொறக்கலாம்னுதான் கையில எடுத்தனுங்க. அதுக்குள்ள டீ வந்துருச்சுங்க."

அந்த டீயைக் கொண்டுவந்தவருக்கு நான் கோயில் கட்டத் தயார். மத்தில்த் இரண்டாவது டப்பாவை எடுத்துக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தரையில் கிடந்த சுருளைப் பார்த்தவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "பழனியைப் பற்றி எடுத்ததிலேயே முழுமையான படம் இதுதான்" என்றாள். "இந்த அறையின் வெளிச்சம் மொத்தமும் இதில் இருக்கிறது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் சொன்னது உண்மைதானே. எல்லா வெளிச்சமும் ஒரே சமயத்தில் விழுந்தால் ஒன்றுமே தெரியாது. எதையோ வெளியே நிறுத்தி, எதையோ கொஞ்ச நேரம் மட்டும் உள்ளே விட்டால்தான் படம். மனிதன் கை குறுக்கே வரவே கூடாது என்று நேற்று பிரியாணிக் கடையில் பேசியது அவ்வளவு சரியில்லையோ என்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது. நேரக் காப்பாளர் மனசு கேட்காமல் ஓடிப்போய் நிஜமான பஞ்சாமிர்தம் ஒரு டப்பா வாங்கி வந்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அதை வழித்து நக்கி முடித்தோம்.

ஒரே சுருள்தான் மிச்சம் என்றதும் ஸ்டீபன் வெலவெலத்துப்போனார். "ஒரே டேக்கா? ஒரே டேக்குல என்னால பொண்ணழைப்புகூட எடுக்க முடியாது மேடம். சின்னம்மா வேற மில்லு பூரா சொல்லி வச்சிருக்கு, தான் படத்துல பிரான்ஸுக்குப் போறதா. அது விழலைன்னா எம் மூஞ்சியில முழிக்காது." ஐம்பது விநாடி, ஒரு சாயங்காலம், நூறு பெண்கள். அதில் ஜெசிந்தா எங்கே வருவார் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். யாரையும் நிறுத்தக் கூடாது, சொல்லிவிட்டேன் என்று மறுபடி விரலை நீட்டினேன். சத்தியமாக நிறுத்த மாட்டேன் என்றார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், டீக்கடை ஓரம், முக்காலி போட்டுக் காமிராவை ஏற்றினோம். மத்தில்த் ஒரே சீரில் சுற்றுவதற்காக ஒரு பழைய அணிவகுப்பு மெட்டை முனகிப் பழகிக்கொண்டிருந்தாள். காமிராக்காரர்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். வெயில் நன்றாக இருந்தது. மில் சங்கு ஊதியது.

ஒருவரும் வரவில்லை.

பஸ் வந்து நின்று உறுமத் தொடங்கியது. இன்னும் வரவில்லை. கேட் இடுக்கு வழியாக உள்ளே ஏதோ பச்சையும் அரக்கும் மஞ்சளுமாகத் தெரிந்தது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் சேல மாத்துறாக மேடம்."

நான் ஸ்டீபனைப் பார்த்தேன். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"நான் யாரையும் நிறுத்தல மேடம். சிரிக்கச் சொல்லல. நடக்கச் சொல்லல. காமிரான்னா கொஞ்சம் நல்லதா உடுத்திட்டு வரலாமுல்லன்னு ஒருத்தர்ட்ட மட்டும் சொன்னேன்."

"யாரிடம்?"

"சின்னம்மாட்ட."

மில்லே பட்டுச்சேலை கொண்டுவந்துவிட்டது! எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்களுக்கெல்லாம் காமிரா என்றாலே கல்யாணம்தானா, வேலை முடிந்து வருகிற ஜனங்களை எடுக்க வந்தால் வரவேற்பு நிகழ்ச்சி ஆக்கிவிட்டீர்களே, இதைக் கொண்டுபோய் நான் யாரிடம் காட்டுவேன் என்று ரோட்டோரமாக நின்று கத்தினேன். டீக்கடைக்காரர் பாலைக் கொதிக்கவிட்டு வேடிக்கை பார்த்தார். மத்தில்த் என்ன நடக்கிறது என்றாள். "எல்லோரும் பட்டுச்சேலை கட்டுகிறார்கள், எல்லாம் போச்சு" என்றேன்.

அவள் கைப்பிடியை விடவில்லை. "நம் ஊரிலும் அப்படித்தானே நடந்தது?" என்றாள். "நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்."

எனக்குச் சுரீரென்றது. ஆமாம், ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நான் சொல்கிற விஷயம். அந்த லியோன் தொழிற்சாலைக் கதவை ஒரு தடவையோடு விட்டுவிடவில்லை, திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அதில் ஒரு தடவை ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற துணிமணியோடு, தொப்பியும் தொங்கட்டானுமாக வெளியே வருவார்கள். மாணவர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்வேன். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். படத்தில் விழப்போகிறோம் என்று தெரிந்த மனுஷர் நல்ல துணி உடுத்துவது லியோனில் வரலாறு, எரியோட்டில் மட்டும் குற்றமா? எனக்கே வெட்கமாக இருந்தது.

"சுற்றட்டுமா?" என்றாள் மத்தில்த்.

கேட் திறந்தது. "சுற்று" என்றேன்.

வந்தார்கள். என்ன அழகு! மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, ஊதாவில் தங்கக்கரை. தலை நிறைய மல்லிகை. ஆனால் நாலு அடி வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லாமலே உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், ஓரத்தில் இருப்பவர்கள் லேசாக உள்பக்கம் சாய்ந்து, கைகளைக் கோர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மேடையில் குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல நின்றார்கள். ஓடுகிற படத்துக்கு முன்னால் ஓடாத ஜனம். மத்தில்த் மெட்டை முனகிக்கொண்டே சுற்றினாள். சுருள் போய்க்கொண்டிருந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சின்னம்மாவக் காணோம்" என்றார் ஸ்டீபன் மெதுவாக.

நானும் தேடினேன். முன்வரிசையில் இல்லை, பின்வரிசையில் இல்லை.

அப்போது மில் பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. டிரைவருக்கு சினிமாவும் தெரியாது, பிரான்ஸும் தெரியாது. வண்டியை நகர்த்தவே ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், குரூப் போட்டோ சிதறியது. பட்டுச்சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு, திரும்பி வந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டே ஓடினாள். இரண்டு பேர் ஓட முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இதை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது. சந்தோஷத்தில் நான் குதித்தேவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசல் காலியானது.

வாட்ச்மேன் கேட்டைத் தள்ளி மூடத் தொடங்கினார். பாதி மூடியபோது இடுக்கு வழியாக ஜெசிந்தா வெளியே வந்தார். அரக்குப் பட்டு. முந்தானை இன்னும் சரியாக நிற்கவில்லை. உதடுகளுக்கு நடுவில் நாலைந்து ஊக்குகள். பஸ் போவதைப் பார்த்துக் கையை உயர்த்தினார். வாயில் ஊக்கு இருந்ததால் கூப்பிட முடியவில்லை. அப்புறம் எங்களைப் பார்த்தார். ஊக்குகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். அப்படியே நின்றார்.

மத்தில்த் கையை எடுத்துவிட்டாள். "முடிந்துவிட்டது."

"அவர் வந்தபோது ஓடிக்கொண்டிருந்ததா?"

"தெரியவில்லை. கடைசியில் சுருள் தீர்ந்து கைப்பிடி லேசாகிவிட்டது. எப்போது லேசானது என்று கவனிக்கவில்லை. நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ஜெசிந்தா ரோட்டைத் தாண்டி வந்தார். "விழுந்துட்டேனா மேடம்? காட்டுங்க பாப்போம்."

இதில் காட்ட முடியாது, ஊருக்குப் போய்க் கழுவினால்தான் தெரியும் என்றேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "இவளுகளுக்கு ஊக்கு குத்தியே நேரம் போச்சு மேடம். மடிப்பு ஒருத்திக்கும் நிக்கல. ஆளாளுக்கு வந்து முதுகக் காட்டுனா, போடின்னா சொல்றது?" எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம் வந்தது. அன்றைக்கு ஒரு நாளாவது உங்களை முதலில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து, "விடுங்க மேடம், டீ குடிங்க" என்றார். ரிப்பேர் பார்த்து வந்திருந்த ஸ்டீபனின் காரில் அவரை வீட்டில் இறக்கிவிட்டோம். வழியெல்லாம் ஸ்டீபன் கண்ணாடியில் சின்னம்மாவையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

லியோனில் சுருளைக் கழுவி எடுத்த அன்று, எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. மத்தில்த்தான் திரையில் ஓட்டினாள். வரிசையாக நிற்கிறார்கள், நிற்கிறார்கள், சிதறி ஓடுகிறார்கள், செருப்புக்காரி திரும்பி வருகிறாள், காலி வாசல். கேட் மூடுகிறது. போச்சு என்று கண்ணை மூடப் போனேன். இடுக்கில் அரக்குச் சேலை தெரிந்தது. கை உயர்கிறது. ஊக்குகள் வாயிலிருந்து வருகின்றன. பிறகு ஜெசிந்தா நேராக நம்மைப் பார்த்து நிற்கிறார். முழுத்திரையில் அவர் ஒருவர் மட்டும், சுருள் தீர்கிறவரை. நான் அழுதுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

தெருச் சுவரில் போட்டபோது ஜனங்கள் ஓட்டத்துக்குச் சிரித்துக் கைதட்டினார்கள். ஒரு கிழவர் என்னிடம் வந்து, கடைசியில் நின்ற அந்த அம்மா யார் என்று கேட்டார். பெயர் சொன்னேன். அவர் அதைச் சரியாகவே உச்சரித்தார்.

படத்தை ஸ்டீபனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு குரல் செய்தி வந்தது. புதுக் குரல். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"மேடம், நான் ஜெசிந்தா மக பேசுறேன். ஸ்டீபன் அண்ணன் அனுப்புச்சு. அம்மா ஒரு எடத்துல சும்மா நின்னு நான் பாத்ததே இல்ல மேடம். அப்பாட்டக் கேட்டேன், அவரும் பாத்ததில்லையாம். மாப்ள வீட்டுலருந்து எல்லாரும் வந்திருக்காக, திருப்பித் திருப்பி அதத்தான் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கோம். அம்மாவையும் பாக்கக் கூப்புட்டோம். அடுப்புல வேல கெடக்கு, செத்த நேரத்துல வாரேன்னுச்சு. இன்னும் வரல."